அறுபதுக்கு மேல் கால் பலம்: நாற்காலி, சுவர், ஜன்னல் கம்பி போதும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் வராது. விடிவதற்கு முன்பே காந்தி சிலைப் பக்கம் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் சாரிசாரியாக நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் இதே காட்சிதான். அருமையான பழக்கம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை செய்யும் நன்மை பெரிது. ஆனால் தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பவரே வீட்டுக்கு வந்து தாழ்வான சோபாவில் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்கக் கைப்பிடியைத் தேடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு அவருக்கு வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.

சமதளத்தில் நடக்கும்போது தொடைத் தசை தன் முழுப் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. மீதிப் பங்குக்கு வேலை வராவிட்டால் உடம்பு அதைக் குறைத்துக்கொண்டே போகும். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது, பலம் தசையைவிடச் சீக்கிரம் குறைகிறது. கால் தடுக்கியதும் சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்து உடம்பைத் தாங்கும் வேகத் தசை நார்கள்தான் இதில் அதிகம் அடிபடுபவை.

65 வயது தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு மூன்று பாகம்: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, வாரம் 2 நாளாவது தசைக்கு வேலை, வாரம் 3 நாளாவது நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சி. முதல் பாகம் பீச் நடையில் கிடைத்துவிடுகிறது. மற்ற இரண்டையும் ஜிம்முக்குப் போகாமல், டம்பெல் வாங்காமல் வீட்டிலேயே முடிக்கலாம். தூக்குவது இரும்பா, சொந்த உடம்பா என்று தசை பார்ப்பதில்லை. ஒரு சுற்றின் கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டப்பட்டுத்தான் முடிந்ததா என்பதே அதற்குக் கணக்கு.

முதலில் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்

கைப்பிடி இல்லாத, 17 அங்குல உயர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மகனோ மருமகளோ கைபேசியில் நேரம் பார்த்தால் போதும். 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14க்கும் பெண்களுக்கு 12க்கும் குறைந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே என்று பொருள். 65 முதல் 69 வரை அந்த எண்கள் 12, 11. எழுபதுகளின் முன்பாதியில் 12, 10. பின்பாதியில் 11, 10. எண்பதைத் தாண்டி 84 வரை 10, 9. கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை என்றால் கணக்கில் பூஜ்யம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொடங்கும் இடம் அதுதான். எண்ணைக் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள்.

பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், சமீபத்தில் கண் அறுவையோ குடலிறக்க அறுவையோ செய்துகொண்டவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். "நடக்கலாமா?" என்று கேட்காதீர்கள். "நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், ரப்பர் பேண்டு இழுப்பதும் செய்யலாமா?" என்று கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால்தான் பதிலும் தெளிவாக வரும்.

உட்கார்ந்து எழுவது: எல்லாவற்றுக்கும் தாய்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் பொறுமை இருக்கிறது என்பவர் இதை மட்டும் செய்தால் போதும். கழிப்பறை, பேருந்து இருக்கை, கோயில் படி, கட்டில் எல்லாம் இந்த ஓர் அசைவில் அடக்கம்.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். டைல்ஸ் தரையில் அதன் கால் விரியும், பின்னால் நழுவும். மரநாற்காலியோ கனமான இரும்பு நாற்காலியோ எடுத்து, முதுகைச் சுவரில் முட்டும்படி வையுங்கள். வேட்டியோ லுங்கியோ நைட்டியோ பாதத்தைத் தட்டாத உயரத்தில் இருக்கட்டும். காலில் ஈரம் கூடாது. தளர்ந்த ஹவாய் செருப்பைவிட வெறுங்காலே மேல்.

நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில் விலகி, குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் வரட்டும். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே வரும்வரை. இப்போது குதிகாலால் தரையை அழுத்தி எழுந்து, முட்டியும் இடுப்பும் முழுதாக நிமிரும்படி நில்லுங்கள். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். கடைசி இரண்டு அங்குலத்தில் "தொப்" என்று விழுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இறங்கும்போது தசை பிரேக் போடுகிறது, பலம் ஏறுவதில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. விழுந்து உட்காருபவர் அந்தப் பாதியை இழக்கிறார், முதுகெலும்புக்கும் ஓர் அதிர்ச்சி கொடுக்கிறார்.

8 முதல் 12 தடவை ஒரு சுற்று. ஒன்றரை நிமிடம் ஓய்வு. முதல் வாரம் ஒரு சுற்று, அடுத்த வாரம் இரண்டு, மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று.

எழ முடியாதவர் உட்காரும் உயரத்தை ஏற்றிக்கொள்ளட்டும். கெட்டியாக மடித்த இரண்டு போர்வைகளை நாற்காலியில் போட்டால் 4 அங்குலம் கூடும். 12 தடவை சுலபமானதும் ஒரு மடிப்பைக் குறையுங்கள். பஞ்சுத் தலையணை உதவாது, அமுங்கிப்போய் ஆட்டம் கொடுக்கும். புதுச்சேரியில் தமிழர் பகுதிப் பழைய வீட்டுத் திண்ணை சில இடங்களில் நாற்காலியைவிட உயரம். அளந்து பார்த்து அங்கேயே தொடங்கலாம்.

மாறாக, மூன்று சுற்றும் பேசிக்கொண்டே செய்ய முடிகிறதென்றால் பயிற்சி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. முதலில் இறங்கும் நேரத்தை ஐந்து எண்ணிக்கைக்கு நீட்டுங்கள். பிறகு 14 அங்குல முக்காலிக்கு மாறுங்கள். அதன் பிறகு 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணமும் இதே குடும்பம்தான். முட்டி நன்றாக இருப்பவர் பாதி ஆழம்வரை அதைச் செய்யலாம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர் நாற்காலியோடு நிற்பது நல்லது.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கும், அல்லது குதிகால் ரொம்பப் பின்னால் போயிருக்கும். இரண்டையும் சரிசெய்து பாருங்கள். எழும்போது இரண்டு முட்டியும் உள்நோக்கி ஒட்டினால் இடுப்பின் பக்கத் தசை சோர்ந்திருக்கிறது. முட்டிகளுக்கு நடுவே எப்போதும் ஒரு சாண் இடைவெளி என்று மனதில் வைத்து எழுங்கள். மூச்சை அடக்கித் தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதற்கு எளிய மருந்து வாய்விட்டு எண்ணுவது. "அத்தை, சத்தமா எண்ணுங்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொண்டே இருந்தால் மூச்சு தானாக ஓடும். எழுந்ததும் தலை சுற்றுகிறதா? நாற்காலியைப் பிடித்து அரை நிமிடம் நின்று பாருங்கள். அடிக்கடி வந்தால் மாத்திரை அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்தும் நின்றும் பி.பி. அளக்கச் சொல்லுங்கள்.

தரையிலிருந்து எழக் கற்றுக்கொள்வது

விழுந்தவர்களில் பலருக்கு அடியைவிடப் பெரிய ஆபத்து, எழுந்திருக்க முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் பழக்க வேண்டும். வாரம் இரண்டு நாள், ஆள் துணையோடு, இரண்டு மூன்று தடவை போதும்.

பாயின் மேல் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போடுங்கள், அது முட்டிக்கு. பக்கத்தில் கனமான நாற்காலி. மல்லாந்து படுத்த நிலையிலிருந்து ஒருக்களித்துப் புரளுங்கள். மேல்பக்கக் கையைத் தரையில் ஊன்றி முழங்கையில் நிமிர்ந்து, பிறகு குழந்தை தவழும் நிலைக்கு வாருங்கள். நாற்காலிவரை தவழ்ந்து, இரண்டு கைகளையும் இருக்கைமேல் வையுங்கள். பலமுள்ள காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள். கையாலும் அந்தக் காலாலும் அழுத்தி எழுந்து, உடம்பைத் திருப்பி நாற்காலியில் உட்காருங்கள். உடனே நடக்கத் தொடங்க வேண்டாம். முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர் முட்டி போடலாமா என்பதைத் தன் எலும்பு மருத்துவரிடம் கேட்ட பிறகே இதைத் தொடட்டும்.

தள்ள, இழுக்க, தூக்கிக்கொண்டு நடக்க

மேலுடம்புக்குத் தள்ளும் அசைவு ஒன்று, இழுக்கும் அசைவு ஒன்று இருந்தால் போதும். தள்ளுவதற்குச் சுவர். ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே பதியுங்கள். தலை முதல் குதிகால்வரை ஒரே கோடாக வைத்து, மூக்கு சுவரை நெருங்கும்வரை மடங்கி, தள்ளி நிமிருங்கள். முழங்கை பக்கவாட்டில் விரியாமல் விலாவுக்குச் சாய்வாக இருந்தால் தோள் வலிக்காது. 15 தடவை சுலபமானதும் சமையல் மேடைக்கு மாறுங்கள். சாய்வு கூடக்கூடப் பளு கூடும்.

இழுப்பதற்கு ஒன்றரை மீட்டர் நீள ரப்பர் பேண்டு வாங்குங்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் ஏற ஏற இறுக்கம் கூடுவது பல கம்பெனிகளின் வழக்கம். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி செய்வதில்லை. 12 தடவை இழுத்தால் கடைசி இரண்டு கஷ்டமாக வரும் பேண்டுதான் உங்கள் பேண்டு. நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரத்தில் ஜன்னல் கம்பியைச் சுற்றிப் போட்டு, முழங்கை முதுகுக்குப் பின்னால் போகும்வரை இழுத்து, இரண்டு எண்ணிக்கை நிறுத்தி, மெதுவாக விடுங்கள். கூன் விழாமல் காப்பது இந்த இழுப்புதான்.

கடலோர ஊரில் ஒரு கவனம் தேவை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக இருக்கும், அது பேண்டை மெல்ல அறுத்துவிடும். கம்பியில் பழைய துண்டைச் சுற்றிவிட்டுப் பேண்டைப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, ஓரத்தில் சிறு கீறல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்த பேண்டு நேராக முகத்துக்கு வரும். வெயில் படும் மாடியில் காயவைக்காதீர்கள், ரப்பர் பிசுபிசுத்துப்போகும். கிரில் கேட்டில் மாட்டுவதாக இருந்தால் தாழ்ப்பாள் போட்டு, கேட் உங்கள் பக்கம் திறக்காதபடி நில்லுங்கள்.

பிடிமானத்துக்கு, இரண்டு துணிப்பைகளில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் 20 அடி வைத்து நடந்து திரும்புங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கைக்கு 2 பாட்டிலில் தொடங்கினால் அளவை ஏற்றுவது சுலபம். வாளியில் தண்ணீர் தூக்கலாம்தான், ஆனால் சிந்தி வழுக்கினால் செய்ததெல்லாம் வீண்.

குதிகால் உயர்த்துவதைச் சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு செய்யுங்கள். ஏற ஒரு எண்ணிக்கை, இறங்க மூன்று, 12 தடவை. மாடிப்படியின் முதல் படியில் கைப்பிடியோடு ஏறி இறங்குவது, காலுக்கு 8 தடவை. பாதம் முழுதும் படியில் பதிய வேண்டும், விரல் நுனியில் ஏறக்கூடாது.

விழாமல் நிற்க

மேடைக்கு ஒரு சாண் தள்ளி நின்று நாலு நிலைகளை வரிசையாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றும் 10 விநாடி: பாதங்களை ஒட்டி வைத்து, ஒரு பாதத்தை அரைப்பாதம் முன்னால் வைத்து, ஒரு குதிகாலை மறுகால் விரலில் முட்ட வைத்து, கடைசியாக ஒற்றைக்காலில். மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் வாய்ப்பு அதிகம். அவர் ஒற்றைக்காலுக்குப் போகாமல் அங்கேயே தினமும் மூன்று தடவை நிற்கட்டும். நிலைப்பட்டதும் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். கண்ணை மூடிச் செய்யும் பயிற்சியைத் தனியாக இருக்கும்போது தொடவே வேண்டாம். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கமும் வேண்டாம், பல வீடுகளில் அது இரண்டு போல்ட்டில்தான் தொங்குகிறது. கதவு நிலை நம்பகமானது.

மணல், தண்ணீர், சைக்கிள், ஆசனம்

மிருதுவான மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது. கெண்டைக்காலும் பாதமும் நன்றாக வேலை செய்யும். அதனாலேயே முதல் நாள் அரை மணி நேரம் நடந்தவர் மறுநாள் குதிநரம்பு வலியோடு உட்கார்ந்திருப்பார். 5 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டுங்கள். அலையோரம் சரிவாக இருப்பதால் ஒரு பக்க இடுப்பு தாழும். போன வழியே திரும்பினால் இரு பக்கமும் சமமாகும். சர்க்கரையால் பாதம் மரத்தவர் வெறுங்காலோடு மணலில் இறங்கக்கூடாது. சிப்பி, கண்ணாடி, தூண்டில் முள் குத்தியதே தெரியாது. இந்தக் கரையில் இழுப்பு பலமானது, கடலுக்குள் நின்று பயிற்சி செய்வது எந்த வயதிலும் ஆபத்து.

நீச்சல் குளம் கிடைத்தால் மார்பளவு தண்ணீரில் நடக்கலாம். அங்கே காலில் இறங்குவது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், முட்டித் தேய்மானத்துக்கு அருமருந்து. சைக்கிள் இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவாக உதவாது. மிதி கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை ஏற்றுங்கள். ஆசனம் செய்பவர்கள் தொடரலாம். ஆனால் கண் அழுத்த நோயோ கட்டுக்கடங்காத பி.பி.யோ இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் கூடாது. எலும்பு மெலிவு இருந்தால் முதுகை வளைத்துக் குனிந்து கால்விரல் தொடுவது முதுகெலும்பை நசுக்கக்கூடும்.

வாரக் கணக்கு

திங்கள், வியாழன் இரண்டு நாளும் பலப் பயிற்சி, அரை மணி நேரம். நிலைப் பயிற்சி தினமும் 5 நிமிடம், காப்பி கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நடை வாரம் ஐந்து நாள், 30 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். சித்திரை, வைகாசியில் 7 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடை நாட்கணக்கில் நின்றுபோகும். நாற்காலியும் ஜன்னல் கம்பியும் அப்போது கைகொடுக்கும்.

மறுநாள் தசை வலிப்பது இயல்பு, மூன்று நாளில் போய்விடும். மூட்டு வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அளவு மீறிவிட்டது, அடுத்த தடவை பாதியாகக் குறையுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சு முட்டல், கண் இருட்டு வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்யாமல், பக்கத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்துக்கொள்ளட்டும்.

தட்டில் என்ன இருக்கிறது

காலை மூன்று இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று போனால் பயிற்சிக்குப் பலன் பாதிதான். வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். மூன்று இட்லியில் 6 கிராம்தான் வரும். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மத்தியோ நெத்திலியோ சங்கராவோ சுமார் 20, 200 மில்லி பால் 6 அல்லது 7, ஒரு கைப்பிடி மல்லாட்டை (வேர்க்கடலை) 7. மீன் சாப்பிடாதவருக்கு 25 கிராம் காய்ந்த மீல்மேக்கர் 13 கிராம் தரும். மதியம் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் முட்டை, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் ஒரு டம்ளர் பால் என்று சேர்த்தாலே பெரிய மாற்றம். பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

ஆறு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே 30 விநாடி. எண் இரண்டு கூடியிருந்தால் பலம் ஏறுகிறது. கூடவில்லையென்றால் பெரும்பாலும் பயிற்சி சுலபமாகிப்போய் அளவை ஏற்றாமல் விட்டிருப்பீர்கள், இருக்கையை ஓர் அங்குலம் தாழ்த்துங்கள். இடையில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவர் பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வரட்டும்.